சம்பந்தியின் கீழ்ப்பற்கள்

என் சம்பந்தியின் வாயில் கீழ்வரிசை முன்பற்கள் ஆறும் இல்லை. அதனால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. சோறு சாப்பிடுவார், அழகாக ஆங்கிலம் பேசுவார், கோயிலில் பாட்டு எடுத்தால் கடைசி வரிசை வாங்கு வரை கேட்கும். குறை முழுக்க எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான். அதிலும் என் கணவர் கஸ்பரின் தமையன் சவிரிமுத்துவுக்கு அந்த ஆறு பல்லும் நெஞ்சுக்குள் குத்திக்கொண்டு நின்றன.

இது நடந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டு கோடையில், ஈஸ்ட் ஹாமில். எங்கள் ஒரே மகள் றெஜினா தாதி வேலை பார்க்கிறவள். அவள் கட்டுவதாக இருந்த பீற்றர் ஒச்சியெங் கென்யாக்காரன், லுவோ இனத்தவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு பேரும் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் பழகியவர்கள். எங்களைப் போலக் கத்தோலிக்க வேதம், படிப்பு இருக்கிறது, குடி இல்லை, தாய் தகப்பனை மதிக்கிற பிள்ளை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தால் சவிரிமுத்து அத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடியிருப்பார்.

"போயும் போயும் ஒரு காப்பிலியோ?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். இதைக் கேட்டவர் எங்கள் குடும்பத்திலேயே கறுப்பு. நான் அதைச் சொல்லிக் காட்டியபோது, "எங்கடை மன்னார் வெயில் அப்பிடி, எமில்டா, அது வேறை," என்றார். கோயிலில் மூன்று ஞாயிறும் இன்னார் இன்னாரைக் கட்டப்போகிறார் என்று அறிவித்து முடிந்த பிறகுதான், இனித் தடுக்க ஏலாது என்று தெரிந்து, கலியாணத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். மண்டபம் அவர் பிடித்தது. சமையல் ஆள் அவர் பிடித்தது. இரண்டு கமெராவோடு கிங்ஸ்பரியில் இருந்து வீடியோக்காரரையும் அவரே பிடித்தார்.

வீடியோ என்றால் அவருக்கு உயிர். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். கடையின் பின்சுவர் முழுக்க வாடகைக் கேசற். எங்கள் சனத்தில் ஒரு கலியாணம் நடந்தால் அந்தக் கேசற் ரொறன்ரோவுக்குப் போகும், பாரிசுக்குப் போகும், ஜேர்மனிக்குப் போகும். கலியாணத்துக்கு வராதவர்கள்தான் அதை வடிவாகப் பார்ப்பார்கள். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். யாருடைய சேலை பழசு, யாருடைய கழுத்து வெறுமை என்று சோபாவில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பயந்துதான் லண்டனில் பாதிச் சனம் சீவிக்கிறது.

பீற்றரின் தாய் இல்லை. தகப்பன் மிஸ்டர் ஓகெல்லோ கலியாணத்துக்கு ஒரு கிழமை முன்னதாக வந்து இறங்கினார். விக்டோரியா ஏரிக்கரையில் மீன்பிடி இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஹீத்ரோவுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். நல்ல உயரம், சாம்பல் நிறக் கோட்டு, கையில் தொப்பி. மகனைக் கண்டதும் வாயை அகலத் திறந்து சிரித்தார். எங்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து அதே மாதிரி சிரித்தார்.

சவிரிமுத்து அத்தான் கொடுத்த கையை எடுக்க மறந்து நின்றார். பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, "என்ன வியாதியடா இந்தாளுக்கு?" என்று தமிழில் கேட்டார். விளங்காது என்ற துணிவு. எனக்குக் கன்னம் எரிந்தது. கேட்டவரின் வாயில் ஒரு தங்கப்பல் மின்னியது. நல்ல பல்லை அராவித் தங்க உறை போட்டவர் அவர், கொழும்பில் இருந்த காலத்தில், அழகுக்காக. ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.

பீற்றர் வரும் வழியில் காரிலேயே விளக்கமாகச் சொன்னான். லுவோ ஆட்களில் முன்பு வளர்ந்து வரும் பருவத்தில் ஆண் பெண் எல்லோருக்கும் கீழ்ப்பற்கள் ஆறையும் எடுத்துவிடுவார்களாம். எடுத்தால்தான் பெரிய ஆள், எடுத்தால்தான் லுவோ. தாடை இறுகுகிற நோய் வந்தால் அந்த இடைவெளியால் கஞ்சி ஊற்றலாம் என்று வேறு காரணம் சொல்கிறவர்களும் உண்டாம். அவனுடைய வயதுக்காரர்கள் அநேகம் பேருக்குச் செய்யவில்லை. கஸ்பர், "ஓ, அப்பிடியோ," என்றார். என் கணவரின் பேச்சு எப்போதும் அந்த அளவுதான்.

அடுத்த நாளே சவிரிமுத்து அத்தான் எங்கள் குசினிக்குள் அடுப்படியில் வந்து நின்றார். "எமில்டா, சவுத் லண்டனிலை, மிச்சத்திலை, எனக்குத் தெரிஞ்ச பெடியன் ஒருத்தன் பல் செட் செய்யிறவன். வியாழக்கிழமை அச்சு எடுத்தால் வெள்ளி பின்னேரம் தந்திடுவான். சம்பந்திக்கு எங்கடை குடும்பத்தின்ரை பரிசா இருக்கட்டும். நீர் பக்குவமாச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போம். பொம்பிளையள் சொன்னால் கேப்பார்."

"அவர் கேட்டவரோ பல்லு வேணுமெண்டு?"

"கேக்க வெக்கப்படுவார். குறை உள்ளவன் மறைக்கத்தானே பாப்பான்."

"அவருக்கு அது குறை இல்லை அத்தான். நான் கூட்டிக்கொண்டு போகமாட்டன்."

அவர் தம்பியைப் பார்த்தார். கஸ்பர் ரீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அண்ணை சொல்லுறதிலையும் ஒரு நியாயம் கிடக்கு. ரொறன்ரோக்காரர் ஸ்லோவிலை போட்டுப் பாப்பினம்," என்றார். எனக்கு அந்தக் கோப்பையைப் பிடுங்கி எறியவேண்டும் போல் இருந்தது. எறியவில்லை. ஒரு வீட்டில் மருமகளாய் வாழ்ந்து பழகிய கை அவ்வளவு இலேசில் எழும்பாது.

நான் மறுத்ததால் அவர் நேரே பீற்றரிடமே போய்ச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை றெஜினா வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள்.

"அம்மா, பெரியப்பா என்ன செய்திருக்கிறார் எண்டு தெரியுமா? பீற்றர் சொல்லிட்டார், 'என்ரை டடி தன்ரை வாயோடைதான் வருவார், அது உங்கடை ஆட்களுக்குக் காணாதெண்டால் எனக்கு அந்த ஹோலும் வேண்டாம், அந்த வெடிங்கும் வேண்டாம்' எண்டு. அவர் சும்மா சொல்லேல்லை. நீங்கள் இதை நிப்பாட்டாட்டி எனக்குக் கலியாணம் இல்லை."

அழுதாள். அவள் அழுவது அருமை. சனிக்கிழமை கலியாணம், புதன்கிழமை பிள்ளை இப்படி அழுகிறாள், காரணம் ஒரு கிழவனின் வாய்க்குள் எட்டிப் பார்க்கப் போகிற ரொறன்ரோ. நான் கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். "இதை விடுங்கோ அத்தான், பிள்ளையின்ரை கலியாணம் குழம்பப் போகுது," என்றேன். "சரி சரி, நான் பாக்கிறன்," என்று வைத்துவிட்டார். அந்த மனிதர் 'நான் பாக்கிறன்' என்றால் விடமாட்டார் என்று அர்த்தம்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டில் பலகாரச் சூடு. கலியாணத்துக்கு முதல் சொந்தக்காரப் பெண்கள் கூடிப் பலகாரம் சுடுவது எங்களுக்கு லண்டனிலும் விட்டுப்போகவில்லை. குசினியில் என் தங்கை றோஸ்மலரும் இன்னும் நாலைந்து பேரும் அரியதரம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் மிஸ்டர் ஓகெல்லோ, பீற்றர், றெஜினா, கஸ்பர். ஓகெல்லோ முறுக்கைக் கையால் சிறிது சிறிதாக உடைத்துக் கடைவாயில் போட்டு ரசித்துத் தின்றுகொண்டிருந்தார். மன்னாரில் பாரை மீன் எந்த மாதத்தில் வலையில் படும் என்று கஸ்பரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். சந்தோசமாக இருந்த ஒரு பின்னேரம் அது.

சவிரிமுத்து அத்தான் கார்த் திறப்புக் கொத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு வந்தார். வந்த கையோடு ஆங்கிலத்தில், "மிஸ்டர் ஓகெல்லோ, எங்கள் குடும்பத்தின் சிறிய பரிசு. உங்களுக்குப் புதுப் பல். கார் வாசலில் நிற்கிறது, ஒரு மணித்தியால வேலை," என்றார்.

பீற்றர் எழும்பிவிட்டான். தகப்பன் அவன் கையைப் பிடித்து இருத்தினார். குசினியில் நின்ற பெண்கள் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"யாருக்காக இந்தப் பல்?" என்று ஓகெல்லோ கேட்டார்.

"உங்களுக்காகத்தான். வீடியோ உலகமெல்லாம் போகும் அல்லவா?"

ஓகெல்லோ முறுக்குத் தட்டைக் கீழே வைத்துக் கையைத் துடைத்தார். அவர் பேசியதை நான் அப்படியே தமிழில் சொல்கிறேன். "எனக்கு அப்போது பதினாலு வயது இருக்கும். மாமாவின் தொடையில் தலை வைத்துப் படுத்தேன். அவர் என் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறையும் எடுத்தார்கள். நான் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். நொந்ததா என்றால், மிகவும் நொந்தது. அதனால்தான் என் மகனுக்கு நான் அதைச் செய்யவில்லை. ஆனால் இது என் வாய், ஐயா. என் ஆட்கள் எனக்குத் தந்த வாய்."

பிறகு அவர் றெஜினாவைப் பார்த்தார். முதல் நாள் அழுததில் அவள் முகம் இன்னும் வீங்கியிருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல. "இந்தப் பிள்ளையின் நாள் என்னால் கெட வேண்டாம். வேறு பல் வைக்கமாட்டேன். ஆனால் வீடியோ எடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பேன். சிரிக்கமாட்டேன். அது போதுமா?"

சவிரிமுத்து அத்தானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பெரிய மனுசன். விளங்கிக்கொண்டிட்டார்," என்று எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

எனக்கு அப்போது வந்த கோபம் அதற்கு முன் வந்ததில்லை. ஒரு தகப்பன், கண்டம் தாண்டி மகனுடைய கலியாணத்துக்கு வந்தவர், சிரிக்காமல் இருக்கிறேன் என்று எங்களிடம் அனுமதி கேட்கிறார். அதைக் கேட்டு எங்கள் வீட்டு ஆம்பிளைகள் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். நான் நடு அறைக்கு வந்தேன். வாய்க்குள் விரலை விட்டேன். மேல்வரிசைக் கட்டுப்பல்லைக் கழற்றிச் சவிரிமுத்து அத்தானுக்கு முன்னால் இருந்த பலகாரத் தட்டில் வைத்தேன்.

நான் கட்டுப்பல் போடுவது என் மகளுக்குத் தெரியாது. றோஸ்மலரையும் அத்தானையும் தவிர அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்கு அன்றைக்குத்தான் சொல்லே வந்தது.

"பாருங்கோ அத்தான். வடிவாப் பாருங்கோ. இது உங்கடை வேலை. எழுபதாம் ஆண்டு என்னைப் பொம்பிளை பாக்க வந்தது நீங்கள். எல்லாம் பிடிச்சிருக்கு, பல்லுத்தான் கொஞ்சம் மிதப்பு எண்டு என்ரை அப்பாவிட்டைச் சொன்னது நீங்கள். என்ரை முதல் படத்தைத் தம்பிக்குக் காட்டேல்லை, பல்லைச் சரிப்படுத்திப் புதுப்படம் எடுத்துத் தாருங்கோ, கொழும்புக்கு அனுப்புவம் எண்டதும் நீங்கள். நாலு பல்லு. ஒரு சொத்தை இல்லை, ஒரு ஆட்டம் இல்லை. கொட்டை பாக்குக் கடிச்ச பல்லு. நாலையும் புடுங்கிப்போட்டு இந்தச் சாமானைச் செருகிக்கொண்டு வந்து உங்கடை தம்பிக்குக் கழுத்தை நீட்டினன். மாப்பிளைக்குத் தெரியாது, மூச்சு விடாதை பிள்ளை எண்டு அப்பா சொன்னவர். அண்டையிலை இருந்து இண்டைக்கு வரைக்கும் குளிக்கிற அறைக் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் பல்லுக் கழுவுறன். இரவிலையும் கழற்றாமல் படுத்து அண்ணம் புண்ணாய்ப் போச்சு. இப்ப அந்த மனுசனைப் பாத்து என்ன வியாதி எண்டு கேக்கிறியள். எனக்கு என்ன வியாதி அத்தான்? சொல்லுங்கோ!"

றெஜினா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பீற்றர் அவளிடம் எதுவோ கேட்க, அவள் ஆங்கிலத்தில் திணறித் திணறிச் சொன்னாள். ஓகெல்லோ கேட்டுக்கொண்டே என் வாயைப் பார்த்தார். அருவருப்பும் இல்லை, பரிதாபமும் இல்லை. அதைப் பற்றித் தெரிந்த ஒருவர் பார்க்கிற பார்வை.

"உங்கள் தலையை யார் பிடித்திருந்தார்கள்?" என்று என்னைக் கேட்டார்.

நான் யோசித்தேன். அப்பா வெளியே வாங்கில் இருந்தார். அம்மா வரவில்லை. டொக்டர் ஒரு கையால் பல்லுப் பிடுங்கும் குறட்டைப் பிடித்து மறு கையால் என் தாடையை அமத்தினார்.

"ஒருவருமில்லை," என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார்.

சவிரிமுத்து அத்தானுக்கு வியர்த்துவிட்டது. சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் குசினி வாசலில். நாளைக்கு ஈஸ்ட் ஹாம் முழுக்கக் கதை. தன் தலையைக் காப்பாற்ற அவர் தம்பியைப் பிடித்துக் கொடுத்தார்.

"என்னையே சொல்லிக்கொண்டு நில்லாதையும் எமில்டா. நானோ கேட்டனான்? எனக்கு உம்மடை பல்லாலை என்ன? ரெண்டு படமும் கண்டவன் உம்மடை புருசன். முதல் படத்தை அவனுக்குத்தான் முதல் அனுப்பினனான். பல்லுச் சரியில்லை, சரிப்படுத்தினால் கட்டுறன் எண்டு எழுதினவன் அவன்தான். தன்ரை பேரைச் சொல்ல வேண்டாமெண்டும் அவன்தான் சொன்னவன். நான் தம்பிக்காக எல்லாத்தையும் என்ரை தலையிலை போட்டுக்கொண்டன்."

நான் கஸ்பரைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு சொல் சொல்வார் என்று நின்றேன். அண்ணை பொய் சொல்லுறார் என்று ஒரு சொல். அவர் கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அரியதரம் கருகிய மணம் வந்தது. றோஸ்மலர் ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள்.

நான் ஓகெல்லோவிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன். "நீங்கள் சனிக்கிழமை சிரிக்க வேண்டும். வாயைத் திறந்து, ஹீத்ரோவில் சிரித்தது மாதிரி. சிரிக்காவிட்டால் என் மகளை நான் தரமாட்டேன்." அவர் சிரித்தார். பீற்றரும் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு. சவிரிமுத்து அத்தான் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு போனார். மிச்சத்துக்குப் போகவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆட்கள் போன பிறகு கஸ்பர் அறைக்குள் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். "அப்ப நான் விசர்ப் பெடியன், எமில்டா. கந்தோரிலை என்னோடை வேலை செய்தவங்கள் படத்தைப் பாத்துச் சிரிச்சவங்கள். பிறகு உம்மட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

"நான் ஒளிச்சு ஒளிச்சுக் கழுவினது தெரியுமோ?"

"தெரியும்."

"கதவைப் பூட்டினது?"

"தெரியும்."

பல்லைப் பிடுங்கச் சொன்னதைக்கூட விடலாம். வாலிப வயது, நாலு பேர் சிரித்தார்கள், புத்தி இல்லை. ஆனால் இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டு கதவுக்கு வெளியே நின்றிருக்கிறார். ஒரு நாள் தட்டி, 'எமில்டா, எனக்குத் தெரியும், கழற்றி வைச்சிட்டு வந்து படும்,' என்று சொல்லியிருந்தால் என் அண்ணம் ஆறியிருக்கும். சொன்னால் தன்னுடைய வெட்கம் வெளியே வந்துவிடும். அதனால் என்னுடைய வெட்கத்தை எனக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார். எனக்கு அன்றைக்கு அழுகை வரவில்லை. சவிரிமுத்துவை வெறுத்து வெறுத்துச் செலவழித்த கோபத்தை எல்லாம் திருப்பி எடுத்து உரிய ஆளிடம் கொடுக்க முடிந்தால் என்று இருந்தது.

சனிக்கிழமை கோயிலில் பூசை முடிந்து படிக்கட்டில் குடும்பப் படம். ஓகெல்லோ மகனுக்குப் பக்கத்தில், நான் மகளுக்குப் பக்கத்தில், எனக்குப் பக்கத்தில் கஸ்பர். நான் பல் போடாமல்தான் வந்திருந்தேன். சவிரிமுத்து அத்தான் கடைசி வரிசையில் போய் நின்றார். படக்காரப் பெடியன் என்னைப் பார்த்துத் தடுமாறி, "அன்ரி, நீங்கள் வாயை மூடிக்கொண்டு ஸ்மைல் பண்ணுங்கோ," என்றான்.

கஸ்பர் என் பக்கம் சாய்ந்தார். கோட்டுப் பொக்கற்றில் இருந்து மடித்த லேஞ்சித் துணியை மெல்ல வெளியே எடுத்தார். உள்ளே என் கட்டுப்பல். வீட்டில் இருந்து கொண்டுவந்திருக்கிறார். "பிள்ளைக்காக எண்டாலும் போடுமன்," என்று காதுக்குள் சொன்னார்.

"உங்களுக்குத்தானே வேணும்? நீங்கள் போடுங்கோ," என்றேன், படியில் நின்ற எல்லோருக்கும் கேட்க.

றெஜினாதான் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்து நான் சிரித்தேன், எங்களைப் பார்த்து ஓகெல்லோ சிரித்தார். கமெரா இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்தக் கேசற் ரொறன்ரோவுக்குப் போனது, பாரிசுக்குப் போனது. என்ன சொன்னார்களோ எனக்குக் கவலை இல்லை. என்னிடமும் அந்தக் கேசற்றின் கொப்பி ஒன்று இருக்கிறது. இரண்டு வருடமாக அடிக்கடி போட்டுப் பார்க்கிறேன், ரொறன்ரோக்காரர் மாதிரியே நிறுத்தி நிறுத்தி. மேல்பல் இல்லாத நான் சிரிக்கிறேன். கீழ்ப்பல் இல்லாத சம்பந்தி சிரிக்கிறார். முழுக் கேசற்றிலும் வாயைத் திறக்காமல் நிற்கிறவர் ஒரே ஒருவர்தான், முப்பத்திரண்டு பல்லும் உள்ள என் கணவர்.